டிவிஆர் கத்துகிறதா? டிஸ்கை மாற்ற அவசரப்படாதீர்கள்

கண்காணிப்பு கேமரா மாட்டியவர்களில் பெரும்பாலோர் பழைய பதிவைத் தேடிப் பார்ப்பது ஏதாவது திருடு போன பிறகுதான். திரையில் எல்லா கேமராவும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். பிளேபேக் போய்ப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். கேமரா ஓடுவதை வைத்துப் பதிவாகிறது என்று முடிவு கட்ட முடியாது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போனாலும் நேரடிக் காட்சி வந்துகொண்டுதான் இருக்கும்.

என் மைத்துனரின் ஹார்டுவேர் கடையில் எட்டு சேனல் டிவிஆர் ஒன்று விடாமல் பீப் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'ஹார்ட் டிஸ்க் எரர்'. கேமரா மாட்டிக் கொடுத்தவர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "டிஸ்க் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்." யாரும் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் பழைய டிஸ்கை முறையாகச் சோதித்துவிட்டு, அதன் பிறகே புதிதாக வாங்கிய டபிள்யூடி பர்ப்பிள் 2 டிபியை மாட்டினேன்.

முதலில் பார்க்க வேண்டியது அடாப்டர். சிறிய டிவிஆர்களுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர்தான் வரும். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 2 ஆம்பியரை நெருங்கிக்கூட இழுக்கும். சில வருடம் இரவு பகலாக ஓடிய அடாப்டருக்கு அந்தத் தெம்பு இருக்காது. டிஸ்க் சுற்றத் தொடங்கும், 'டக்' என்று நிற்கும், மறுபடி சுற்றும். சில சமயம் டிவிஆரே ரீஸ்டார்ட் ஆகும். மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும், ஏனென்றால் லோடு ஏறும்போதுதான் அது சரியும். ஆகவே அதே வோல்ட்டில், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டர் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. கேமராக்களுக்கும் டிவிஆருக்கும் ஒரே சப்ளை கொடுத்திருந்து, எரர் இரவில் மட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம். இருட்டியதும் எல்லா கேமராவிலும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்து லோடு கூடுகிறது.

இந்தக் கடையில் அடாப்டரை மாற்றியதும் 'டக்' சத்தம் நின்றது. பீப் மட்டும் நிற்கவில்லை. சாட்டா கேபிளைக் கழற்றி வேறு மாட்டியும் பலன் இல்லை. அடுத்தது டிஸ்கின் 'ஸ்மார்ட்' அறிக்கை. பெரும்பாலான டிவிஆர்களில் இது ஸ்டோரேஜ் அல்லது ஹார்ட் டிஸ்க் மெனுவுக்குள்ளேயே இருக்கிறது. இல்லையென்றால் டிஸ்கைக் கணினியில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அப்படி மாட்டும்போது விண்டோஸ், டிஸ்கை 'இனிஷியலைஸ்' செய்யவா, 'ஃபார்மட்' செய்யவா என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். டிவிஆர்கள் பலவும் தங்களுக்கென்று தனி முறையில் எழுதுவதால்தான் விண்டோஸுக்கு அது புரியவில்லை. ஓகே கொடுத்தால் இருக்கும் பதிவும் கைவிட்டுப் போகும்.

அந்த அறிக்கையில் நான்கு வரிகள் போதும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். சி5, படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6, திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று அர்த்தம். நான்காவது சி7. இது ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். கேபிளை மாற்றினாலும் பழைய எண்ணிக்கை குறையாது, மேற்கொண்டு ஏறாமல் இருந்தால் சரி. மைத்துனரின் டிஸ்கில் சி7 பூஜ்யம். சி5 மட்டும் பார்க்கப் பார்க்க ஏறியது. ஆக, போனில் சொன்ன தீர்ப்பு கடைசியில் சரிதான். ஆனால் பழைய அடாப்டரோடு புது டிஸ்கை மாட்டியிருந்தால் அதுவும் சுற்றி நின்று, சுற்றி நின்று அவதிப்பட்டிருக்கும்.

டிஸ்கை வெளியே எடுத்ததும் இன்னொன்று தெரிந்தது. உள்ளே இருந்தது மேசைக் கணினிக்கான சாதாரண டிஸ்க். இதில்தான் எனக்குக் கோபம். எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால் ஒரு நாளைக்கு சுமார் 173 ஜிபி எழுதப்படும், வருடத்துக்கு 63 டிபி. மேசைக் கணினி டிஸ்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் விதிக்கும் வரம்பே வருடத்துக்கு 55 டிபிதான். பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்குகளுக்கு அது 180 டிபி, 24 மணி நேரமும் ஓடலாம், 3 வருட வாரண்டி. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒரு செக்டார் மக்கர் செய்தால் சாதாரண டிஸ்க் அதையே பிடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும், அந்த நேரத்தில் வரும் காட்சிகள் விட்டுப்போகும். கண்காணிப்பு டிஸ்க் அதிகம் மல்லுக்கட்டாமல் அடுத்த காட்சியை எழுதப் போய்விடும். அதனாலேயே இதைக் கணக்கு வழக்கு வைக்கும் கணினியில் போடக் கூடாது.

பர்ப்பிளை மாட்டி, மெனுவில் 'இனிட்' கொடுத்ததும் நிலை 'நார்மல்' என்று வந்தது. திரையில் 1.81 டிபி என்றுதான் காட்டும். எண்ணும் முறைதான் வேறு, யாரும் ஏமாற்றவில்லை. கடை மூடிய பிறகு காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவது தெரிகிறது, அவ்வளவு அமைதி. மேலே சொன்ன கணக்கில் 11 நாள் பதிவு நிற்கும். ஒரு மாதம் வேண்டும் என்பவர்கள் 6 டிபிக்குப் போக வேண்டும். டிவிஆரை மூடிய மரப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் எந்த டிஸ்கும் நெடுநாள் தாங்காது.

வாங்கும்போது கடையிலேயே கணினியில் மாட்டி, 'பவர் ஆன் ஹவர்ஸ்' பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டியையும் பாருங்கள். பழைய டிஸ்கைத் துடைத்துப் புதிதென்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பு: கேமரா எத்தனை என்றாலும், இரவு பகலாகப் பதிவு செய்யும் கடைக்குக் கண்காணிப்பு டிஸ்க்தான் போட வேண்டும், கூடுதல் விலை கொடுக்கலாம். பீப் சத்தம் தொல்லை என்று செட்டிங்கில் அணைத்து வைத்திருந்தால் மறுபடி ஆன் செய்யுங்கள். இன்றைக்கே பிளேபேக்கைத் திறந்து, நேற்று இரவு இரண்டு மணிக் காட்சி பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.