சுளுக்கு என்னும் ஒற்றைச் சொல்

மொழிக்குச் சொல்வளம் வேண்டும் என்று வற்புறுத்துவோர் பலர். உள்ள சொல் உரிய பொருளில் ஆளப்படுகின்றதா என்று நோக்குவோர் சிலரே. இக்குறை எங்கே மிகுதியாகத் தீங்கு செய்கின்றது என்றால், தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுத் திடலில் எனலாம்.

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஓடியாடும் மாணவன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் எழும் கேள்வி, "சுளுக்கா?" என்பதே. கணுக்கால் வீங்கினாலும் சுளுக்கு; தொடைத்தசை இழுத்துக்கொண்டாலும் சுளுக்கு; முழங்காலுக்குக் கீழே நாள்தோறும் வலித்தாலும் சுளுக்கு. நோய்க்குப் பெயர் ஒன்றானமையின் மருந்தும் ஒன்றாயிற்று. கோடாலித் தைலமும் நீவிவிடும் கையுமே அம்மருந்து.

விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சியோ இவ்வொரு சொல்லுக்குள் பல நோய்களைக் காண்கின்றது. எலும்பை எலும்போடு பிணைப்பது பிணைநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். பிணைநார் கிழிந்தால் மூட்டு தன் உறுதியை இழக்கும். தசைநாண் நைந்தால் காலை ஊன்றி உந்தும் ஆற்றல் குன்றும். இரண்டிற்கும் பண்டுவம் வேறு. ஓய்வுக் காலமும் வேறு. எனினும் செய்தித்தாள்களிலும் நூல்களிலும் இவ்விரண்டும் 'தசைநார்' என்றே எழுதப்படுவதைக் காணலாம். படிப்பவர்க்கு எது கிழிந்தது என்றே தெரிவதில்லை.

எலும்பு நோயில் குழப்பம் இன்னும் பெரிது. நெடுந்தொலைவு அணிநடை சென்ற படைவீரர்க்கு வரும் பாதவலியை 1855இல் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் எழுதிவைத்தார். அது பாத எலும்பில் நேர்ந்த விரிசல் என்பதைப் பின்னர் வந்த எக்ஸ்ரே காட்டிற்று. ஓட்டக்காரரின் முன்கால் வலியிலும் இத்தகைய விரிசல் உண்டு என்பதை 1958இல் ஆங்கில அறுவை மருத்துவர் டெவாஸ் விளக்கினார். இதற்கு விழுதலும் வேண்டா, அடிபடுதலும் வேண்டா. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முன்னரே மீண்டும் மீண்டும் சுமை ஏறுவதே காரணம். முதற்சில வாரங்களில் எக்ஸ்ரேயிலும் இது புலப்படாமல் போகலாம்.

இதனைத் தமிழில் 'அழுத்த முறிவு' என்று பெயர்த்து வழங்குகின்றனர். இப்பெயர் பொருந்துமா? அழுத்தம் என்றதும் ஒருமுறை நசுங்கியதாகவும், முறிவு என்றதும் எலும்பு இரண்டாக ஒடிந்ததாகவும் பொருள்படும். இரண்டும் இல்லாத மாணவனை, "உனக்கு ஒன்றுமில்லை, ஓடு" என்று அனுப்பிவிட இப்பெயரே வழிசெய்யும். 'சுமை விரிசல்' எனின் காரணமும் தன்மையும் ஒருங்கே விளங்கும்.

சிறுவர் உடல் பெரியோர் உடலின் சிறிய வடிவம் அன்று. வளரும் எலும்பின் முனையருகே வளர்குருத்துத் தட்டு ஒன்று உண்டு. அது பிணைநாரினும் வலிமை குறைந்தது. பெரியவருக்குப் பிணைநாரைக் கிழிக்கும் அதே திருகல் சிறுவனுக்கு இத்தட்டைப் பிளந்துவிடலாம். இவ்வகைக் காயங்களை 1963இல் சால்டரும் ஹாரிசும் ஐந்தாக வகுத்தனர். சுளுக்கு என்று எண்ணி இவ்விடத்தை இழுத்து நீவினால், எலும்பின் வளர்ச்சி தடைப்படவும் கோணவும் கூடும்.

பழந்தமிழ் வழக்கே இதற்குக் காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. கடுப்பு, குடைச்சல், குத்தல், இழுப்பு, உளைச்சல் என வலியை வகுத்துச் சொன்ன மொழி இது. பிசகு வேறு, ஒடிவு வேறு என்பது தோட்டத்துப் பாட்டிக்கும் தெரியும். பரவிய கடுப்பா, ஒரு விரல் வைக்குமிடத்தில் மட்டும் குத்தலா என்பதே மருத்துவர் இன்றும் கேட்கும் கேள்வி. ஆகவே குறை மொழியில் இல்லை. கேட்கும் முறையில் உள்ளது. நீவுதலும் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. எலும்பில் ஊறில்லை என்று மருத்துவர் கண்ட பின்னர், இறுகிய தசைக்கு அது இதம் தரும்.

ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? கணுக்கால் அடிபட்டவனால் நான்கு அடி நடக்க முடிகின்றதா, கணுவெலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலிக்கின்றதா என்பன 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த சோதனையில் அடங்குவன. நடக்க இயலாவிடினும், எலும்பில் வலி இருப்பினும் எக்ஸ்ரே வேண்டும். சிறுவர்திறத்தில் இன்னும் விழிப்பு வேண்டும்; ஐயம் எழுந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

மாணவியர் நிலையில் மற்றொன்றும் கருதற்குரியது. உழைப்புக்கேற்ற உணவு இல்லையேல் மாதவிலக்கு நின்றுபோய் எலும்பும் மெலியும் என்று 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு எச்சரித்தது. முதிர்ந்தோர் எலும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, உடல் மிக விரைந்து வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்கின்றது. பட்டினியோடு ஓடவிடும் பயிற்சி அச்சேமிப்பையே கரைக்கும். இதனை மாணவி கூச்சமின்றிச் சொல்லப் பெண்ணாசிரியர் ஒருவர் துணை இருத்தல் நன்று.

இவ்வறிவு மலேசியத் தமிழர்க்கு எட்டாததன்று. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற மணி ஜெகதீசன் ஒரு மருத்துவர். சுங்கைப் பட்டாணியை அடுத்த பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவமும் இயன்மருத்துவமும் கற்பிக்கின்றது. அங்குப் பிறமொழியில் கற்கும் தமிழ் இளைஞரும், திடலில் தமிழில் பேசும் ஆசிரியரும் ஒருங்கு அமர்ந்து இருபது சொற்களை வரையறுத்தால் போதும். 'திடல்தடம்' என்னும் அழகிய சொல்லை நிலைபெறச் செய்த ஆசிரியர் குலத்திற்கு இது அரிய செயலன்று. அதுவரை, "சுளுக்கா?" என்று கேட்பதை விடுத்து, "எங்கே வலிக்கின்றது, எப்படி வலிக்கின்றது?" என்று கேட்கத் தொடங்கலாம்.