நம்பர் பிளேட்டும் ஐபி முகவரியும்

2016 செப்டம்பர் 12. காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு எரிந்த நாள். கே.பி.என். பேருந்துகள் பணிமனையில் நின்ற இடத்திலேயே கருகின. தமிழக வண்டிகள் ஓசூரோடு நின்றுவிட, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வண்டிக்குள் இருப்பவர் காவிரி பற்றி என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. டி.என். என்ற இரண்டு எழுத்தே போதுமாயிருந்தது.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எழுதியவரின் அரசியல் பிடிக்காவிட்டால் அதைப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நம்பர் பிளேட்தான் ஞாபகம் வரும். காரணம் நோட்-ஐபிசி.

2022 மார்ச். உக்ரைன் போரை எதிர்த்து, இந்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைப் பராமரித்தவர் ஒரு அப்டேட் விட்டார். கணினியின் ஐபி முகவரி ரஷ்யா அல்லது பெலாரஸ் என்று காட்டினால், அதிலுள்ள கோப்புகளை அழித்து இதய எமோஜியை எழுதி வைக்கும். வியூ சிஎல்ஐ போன்ற பிரபலக் கருவிகள் இதைச் சார்ந்திருந்தன. அதனால் நோட்-ஐபிசி என்ற பெயரையே கேள்விப்படாதவர்களையும் அது எட்டக்கூடியதாக இருந்தது.

அவருடைய போர் எதிர்ப்பு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மாஸ்கோவில் உட்கார்ந்து அதே போரை எதிர்த்தவரின் கோப்பையும் அந்த நிரல் அழித்திருக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் நம்பர் பிளேட் மட்டும்தான்.

இலக்கியத்தில் நாம் சலிக்காமல் போடும் ‘படைப்பா, படைப்பாளியா’ சண்டையை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் சிக்கல். நாவலாசிரியர் தன் கருத்தை மாற்றிக்கொண்டால் என் அலமாரியிலுள்ள புத்தகம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடாது. மென்பொருள் மாறும். ஆகவே நான் கேட்க நினைப்பது வேறு: எழுதியவர் தன் கருத்தை என் கணினிக்குள் நடத்திக்காட்ட அவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறேன்?

ஓப்பன் சோர்ஸில் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கலாம். கோடு கண்ணெதிரே இருந்ததால்தான் நோட்-ஐபிசியின் வேலை சீக்கிரமே அம்பலமானது. பழைய பதிப்பிலேயே நிற்கலாம். ஃபோர்க் செய்து எழுதியவரை விட்டுவிட்டுக் கோடோடு கிளம்பலாம். மூடிய மென்பொருளில் இந்த வழி கிடையாது.

ஜோஹோ விவகாரத்தை இங்கே வைத்துப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சியில் ஸ்ரீதர் வேம்பு கலந்துகொள்வதாகச் செய்தி வந்ததும் ஜோஹோவைப் புறக்கணிக்கச் சொன்னார்கள் ஒரு சாரார். 2025 செப்டம்பரில் அரட்டை செயலியைச் சுதேசி என்று கொண்டாடினார்கள் இன்னொரு சாரார். அப்போது அரட்டையில் எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் வந்திருக்கவில்லை. ‘என் செய்தியை யாரெல்லாம் படிக்க முடியும்?’ என்ற கேள்வி இரண்டு கோஷத்துக்கும் நடுவில் அமுங்கிப்போனது. முதலாளியைப் பிடித்தவரும் பிடிக்காதவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஃபோர்க் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. அதைத் தினமும் பராமரிக்க ஆள் வேண்டும். பராமரிப்பாளர் ஒரு கூட்டத்தையே கேவலமாகப் பேசுகிறவராக இருந்தால், அந்தக் கூட்டத்திலிருந்து யாரும் பங்களிக்க வரமாட்டார்கள். அங்கே அவர் கருத்து திட்டத்துக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கேள்வி கேட்பது நியாயம்தான், விலகிப்போவதும் நியாயம்தான்.

மற்றபடி, ஓட்டு யாருக்குப் போட்டார் என்று பார்த்துக் கருவியைத் தூக்கிப்போட நான் தயாரில்லை. அடுத்த அப்டேட்டில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் படித்துவிட்டு இன்ஸ்டால் பண்ணுகிறேன்.