மறையப்போகும் ரோஸ்

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு அலமாரி வேப்பமரம். போன தடவை பெயின்ட் அடித்தவர் நேரே இனாமலைப் பூசிவிட்டுப் போனார். ஐப்பசி மழைக்கு மரம் ஈரம் வாங்கி விரியும், பங்குனி வெயிலுக்குச் சுருங்கும். மேலோடு ஒட்டிய பெயின்ட் அதற்கு ஈடுகொடுக்குமா? கதவோரமெல்லாம் வெங்காயச் சருகாக உரிந்தது.

இந்த முறை திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்தேன். முதல் நாள் அவர் டப்பாவையே திறக்கவில்லை. பழையதைச் சுரண்டிவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று ஏறினார். ரேகை ஓடுகிற போக்கிலேயேதான் தேய்த்தார். குறுக்கே விழுந்த கீறல் பிரைமருக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். இனாமலின் பளபளப்பில் பல்லிளிக்கும். தேய்த்த இடத்தை இடது கை விரல்களால் தடவிப் பார்த்தார். "சோத்துக்கை காய்ச்சுப்போச்சுங்க, ஒண்ணும் தெரியாது."

கணுக்களில் மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு தடவை தொட்டுவைத்தார். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் பிசின் வெயிலில் இளகி, டீக்கறை மாதிரி பெயின்டுக்கு மேலே வந்துவிடும்.

பிறகுதான் ரோஸ் நிற உட் பிரைமர். டர்பன்டைன் விட்டு மோராட்டம் நீர்க்கவைத்தார். முதல் கோட் மரத்தின் மேல் நிற்கக் கூடாது, உள்ளே இறங்க வேண்டும். பலகையின் வெட்டுமுனை குடித்துக்கொண்டே இருந்தது. மரம் உயிரோடு நின்றபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அங்கேதான் வாய்திறந்து கிடக்கின்றன. அந்த இடத்துக்கு மட்டும் மூன்று கை.

பள்ளங்களை அடைக்கும் பட்டியை முதலிலேயே வைத்திருக்கலாமே என்றேன். "வெறும் மரத்துல வெச்சா, பட்டில இருக்கற எண்ணெய மரம் உறிஞ்சிக்குமுங்க. அப்பறம் பொருக்காட்டம் உதுந்துபோடும்."

தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்கள் முன்பெல்லாம் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்ததும் இதே காரியம்தான். பார்க்கிறவர்கள் தங்கத்தாளை மெச்சிவிட்டுப் போவார்கள். அந்த வெறும் பலகையையே மாட்டிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாவது கோட் ஒரு ராத்திரி காய்ந்தபின் 220 தாளால் லேசாக ஓட்டினார். ரோஸ் தூள் மணிக்கட்டு வரை படிந்தது. தடவிப் பார்த்தேன். வழுக்கவும் இல்லை, சொரசொரக்கவும் இல்லை. பனங்குருத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

இனாமல் என்ன கலர் வாங்கட்டும் என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன்.