நாவுக்கரசர் கயிலை யாத்திரை: சேக்கிழார் காட்டும் வழி

பெரியபுராணம் ஒரு மலையிலே தொடங்கி அம்மலையிலேயே முடிவெய்துங் காப்பியமாகும். திருமலைச் சிறப்பிலே, உபமன்னிய முனிவர் கயிலையை நோக்கிச் செல்லும் பேரொளி ஒன்றைக் கண்டு கைகூப்பித் தொழுகின்றார். அஃது யாது என்று உடனிருந்த முனிவர்கள் வினவ, சுந்தரர் திருமலைக்கு மீளும் ஒளி அஃது என்கின்றார். அவ்வொளிக்குரிய நிகழ்ச்சியோ நூலின் இறுதியிலுள்ள வெள்ளானைச் சருக்கத்திலேதான் விரித்துரைக்கப்படுகின்றது. இடைப்பட்ட அடியார் வரலாறுகள் யாவும் இவ்விரு கயிலைக் காட்சிகளுக்கும் நடுவே அடங்குகின்றன. ஆகவே, இக்காப்பியத்திற் கயிலைக்குச் செல்லும் வழி யாது என்னும் வினா, ஓரடியார் வரலாற்றில் மட்டும் எழும் வினாவன்று. நூல் முழுவதையும் தழுவி நிற்பது.

அவ்வழியிற் சென்றோராகச் சேக்கிழார் காட்டுவோர் பலர். சுந்தரர் வெள்ளை யானைமீது சென்றார். அவர் தோழராகிய சேரமான் பெருமாள் குதிரைமீது உடன் சென்றார். பெருமிழலைக் குறும்பர், சுந்தரர் பிரிவைப் பொறாது, அவர் செல்வதற்கு முன்னரே யோகநெறியால் அங்கு அடைந்தார். காரைக்காலம்மையார் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து சென்றார். இவர்களுள் ஒருவரேனும் இடைவழியில் வீழ்ந்தவரல்லர். இடைவழியில் வீழ்ந்து, மலையை எய்தாது மீட்கப்பட்டவர் திருநாவுக்கரசர் ஒருவரே. அவ்வாறாயினும், இவ்யாத்திரைகளுள் நம் நெஞ்சை மிகவும் பிணிப்பது அவர் யாத்திரையே. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் பெரியபுராண படனம் கேட்டோர் இதனை நன்கறிவர். எய்தாதவர் யாத்திரை எய்தினோர் யாத்திரையினும் சிறந்து தோன்றுவதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் ஒரு தடையை நோக்குவாம். கங்கையில் நீராடினும் காவிரியில் நீராடினும், இறைவன் எங்கும் உளன் என்று உணராதார்க்கு அவற்றாற் பயன் இல்லை என்னும் கருத்தை ஐந்தாந் திருமுறையிலுள்ள பாவநாசத் திருக்குறுந்தொகையில் வைத்தவர் நாவுக்கரசரே. எங்கும் உள்ளவனைக் காண்பதற்கு வடதிசையிலுள்ள மலை ஒன்றை நாடிச் செல்வானேன்? இதனை முரண் என்று கூறுவாருமுளர். சேக்கிழார் இம்முரணை மறைக்க முயலவில்லை. யாத்திரையைத் தொடங்கவும் விடுகின்றார். அதனைத் தொடங்கிய வண்ணமே முடியவும் விடுகின்றாரில்லை. பதிகத்திலே கருத்தாக நின்றதனைப் புராணத்திலே அனுபவமாக்கிக் காட்டுவது அவர் செய்த காரியம் எனலாம்.

இனி, வழியை நோக்குவாம். காளத்தியில் வழிபட்ட நாவுக்கரசர்க்குக் கயிலைக் காட்சியில் வேட்கை எழுகின்றது. திருப்பருப்பதம், தெலுங்க நாடு, கன்னடம், மாளவம், இலாடம் முதலியவற்றைக் கடந்து காசியை அடைகின்றார். இப்பகுதி மிக விரைந்து செல்கின்றது. சோழநாட்டின் வயலையும் வாய்க்காலையும் அத்துணை நுணுக்கமாகப் பாடிய புலவர், இந்நாடுகளைப் பெயரளவிற் கூறிக் கடந்துவிடுகின்றார். இதனை ஒரு மெலிவு என்று கூறுதல் தவறாகாது. ஆயினும், காசிக்கு அப்பால் நிகழ்வது வேறு. அங்கே உடன் வந்தோரை விடுத்து அவர் தனியே செல்கின்றார். காய் கனி கிழங்கு உண்டலையும் ஒழிக்கின்றார். நாட்டுப் பெயர், ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர் யாவும் நின்றுவிடுகின்றன. நிலப்படம் முடிந்த இடத்திலிருந்தே உண்மையான யாத்திரை தொடங்குகின்றது.

அவ்வழியைப் புலவர் எங்ஙனம் வருணிக்கின்றார்? இமயத்துக்குச் செல்லும் வழியாதலின் பனியையும் குளிரையும் நாம் எதிர்பார்ப்போம். சேக்கிழார் காட்டுவதோ வெயில். நிலம் பிளக்கவும் அப்பிளவின் வழியே கதிரின் வெம்மை நாகருலகு வரை செல்லவும் தகிக்கின்ற கடும்பாலையே அங்கு உள்ளது. சோழநாட்டிருந்த புலவர் பனிமலையைக் கண்டிலர். ஆதலின் பிழைபட்டார் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. அது போதிய விளக்கமாகாது. பாலை என்பது தமிழ் மரபிலே வெறும் நிலமன்று. பிரிவு என்னும் உரிப்பொருளுக்குரிய களம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும் கருத்து. தலைவனைக் காணாது தவிக்கும் உயிரின் நிலைக்கு இதனினும் பொருத்தமான களம் தமிழ்ப் புலவர்க்கு இல்லை. பூகோளத்தில் இமயத்தின் வழியாயிருப்பது, அகத்திற் பிரிவின் வழியாயிருக்கின்றது.

இப்பாலையில் நாவுக்கரசர் உடல் தேய்கின்ற முறை மிகவும் கருதற்பாலது. முதலிற் பாதங்கள் பரடு வரையிலும் தேய்கின்றன. பின்னர்க் கைகளால் ஊர்ந்து செல்ல, அவை மணிக்கட்டு வரையிலும் தேய்கின்றன. பின்னர் மார்பினால் உந்திச் செல்ல, தசை நைந்து என்பு முரிகின்றது. அதன்பின் உடலைப் புரட்டிப் புரட்டிச் செல்கின்றார். உறுப்புகள் யாவும் ஓய்ந்தபின் செயலற்றுக் கிடக்கின்றார். இதனை மிகைபடக் கூறல் என்று நவீன வாசகர் முகஞ் சுளித்தல் கூடும். அவர்கள் திருவங்கமாலையை ஒருமுறை நினைத்தல் வேண்டும். தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, ஆக்கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பையும் அழைத்து ஒவ்வொரு தொண்டில் நிறுத்தியவர் நாவுக்கரசர். அப்பதிகத்திலே பணிக்கு அமர்த்தப்பட்ட உறுப்புகளே இங்கு ஒவ்வொன்றாகத் தம் பணியை முடித்து ஓய்கின்றன. உழவாரம் ஏந்திய கையும் தலந்தோறும் நடந்த காலும் உடைய ஒருவர் வரலாற்றில் அன்றி, வேறோர் அடியார் வரலாற்றில் இந்நிகழ்ச்சி இத்துணைப் பொருள் பெற்றிருக்காது.

மற்றொன்றும் உண்டு. பல்லவன் ஆணையால் நீற்றறையில் இடப்பட்டபோது நாவுக்கரசர் உடலுக்கு ஊறு உண்டாகவில்லை. நஞ்சும் அவரைக் கொல்லவில்லை. யானை வலம் வந்து வணங்கிச் சென்றது. கடலில் இட்ட கல்லும் மிதந்தது. பிறர் இழைத்த துன்பம் ஒன்றும் அவ்வுடலைத் தீண்டாதவாறு காத்த இறைவன், தன்னைக் காணப் புறப்பட்டபோது அவ்வுடல் தேய்ந்தழிவதனைத் தடுக்கவில்லை. பகைவர் தந்த துன்பத்திற்கு அற்புதம் விடையாயிற்று. அன்பினால் தாமே ஏற்ற துன்பத்திற்கு அற்புதம் உடனே வரவில்லை. இவ்வேறுபாட்டைச் சேக்கிழார் எடுத்துச் சொல்லாமலே நம்மை உணரவைக்கின்றார்.

இந்நிலையில் இறைவன் முனிவர் வடிவிற் பொய்கை ஒன்றின் அருகே தோன்றி, கயிலை மானிடர் அடைதற்கு அரியது, மீள்க என்கின்றான். அழியும் இவ்வுடலோடு அக்காட்சியைக் காணாது மீளேன் என்பது நாவுக்கரசர் விடை. காப்பியத்தின் நெருக்கடி இங்கேயுள்ளது. அடியார் சொல் பொய்த்தலும் ஆகாது. மலையோ மானிடர்க்கு எய்த அரியது. முனிவர் மறைய, எழுக என்னும் வானொலியும், ஊறு நீங்கிய உடலும் அவர்க்குக் கிடைக்கின்றன. அப்பொழுதும் அவர் அமைதி கொள்ளாது கயிலைக் காட்சியையே வேண்டுகின்றார். உடல் நலம் அவர் கேட்டதன்று என்பது இதனால் விளங்கும். பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே அக்காட்சியைக் காண்க என்பது ஆணை. மூழ்கியவர் ஐயாற்றுக் குளத்தில் எழுகின்றார்.

ஐயாற்றில் அவர் கண்டது யாது? நான்காந் திருமுறையிலுள்ள திருவையாற்றுப் பதிகம் அதனைக் கூறும். களிறும் பிடியும், சேவலும் பெடையும், குயில், மயில், ஏனம், கலைமான், நாரை, கிளி, ஏறு என்றிவை துணையோடு கூடி வருவனவாகப் பதினொரு பாடல்களிலும் தோன்றுகின்றன. அவை யாவற்றிலும் சத்தியும் சிவமுமாகிய திருக்கோலத்தைக் காண்கின்றார். கூடல் குறிஞ்சிக்குரிய உரிப்பொருள். குறிஞ்சியோ மலைசார்ந்த நிலம். ஐயாறோ காவிரி பாயும் மருதம். பாலையில் பிரிவாகத் தொடங்கியது, மலையை அடையாமலே மலைக்குரிய கூடலாக மருதத்தில் நிறைவுறுகின்றது. மலை வயலுக்கு இறங்கி வந்தது என்றே கூறலாம். எங்கும் உளன் என்று முன்னர் உரைத்தவர், எங்கும் உளனாக இப்போது கண்டார்.

பதிகத்திற்கும் புராணத்திற்கும் உள்ள வேற்றுமையையும் மறைத்தலாகாது. கயிலை யாத்திரையின் துன்பம் பதிகத்தில் விரித்துரைக்கப்படவில்லை. முதற் பாடலிலுள்ள சுவடு என்னும் ஒரு சொல்லே அதற்குக் குறிப்பாகக் கொள்ளக்கிடக்கின்றது. நிலத்தில் அடிச்சுவடு படாமல் வந்தமை என்றும், பட்ட துன்பத்தின் சுவடு உடலில் இல்லாமல் வந்தமை என்றும் அதற்கு இருவகையாகப் பொருள் காண இடமுண்டு. பதிகம் ஒன்றை வைத்துக்கொண்டு யாத்திரை முழுவதையும் வரலாறாக நிறுவுதல் இயலாது. ஆனால், புலவர் ஒரு பதிகத்தை எவ்வளவு ஆழமாகப் படித்தல் கூடும் என்பதற்கு இப்பகுதி சான்றாகும். பதிகத்தில் நாவுக்கரசர் பூவும் நீரும் சுமந்து செல்லும் அடியாரின் பின்னே புகுகின்றார். காசியில் துணைவரை விடுத்துத் தனியே சென்றவர், காட்சி பெறும் வேளையிற் பலருள் ஒருவராய், அதுவும் பின்செல்பவராய் நிற்கின்றார். தனிமையில் தேடியது கூட்டத்திற் கிடைத்தது. பதிகம் கூறும் இம்முடிவுக்கு ஏற்ற தொடக்கத்தையே புராணம் அமைத்துத் தந்துள்ளது.

இதே திருநின்ற சருக்கத்தில் இடம்பெறும் காரைக்காலம்மையார் வரலாற்றை இதனோடு ஒப்பிடுதல் பயன் தரும். அம்மையார் மலையை எய்தினார். அம்மையே என்று இறைவனால் அழைக்கவும் பெற்றார். அவரும் அங்கே நிறுத்தப்படவில்லை, திருவாலங்காட்டுக்கு அனுப்பப்பட்டார். உடலை வருத்திச் சென்ற இருவரையும் இறைவன் தமிழ்நாட்டுத் தலங்களுக்கே திருப்பிவிடுகின்றான். சுந்தரரோ கயிலையினின்று வந்தவர். அவர் செல்வது வீடு திரும்புதல். வீடு திரும்புவோர்க்கு ஊர்தி வருகின்றது. தேடிச் செல்வோர்க்கு வழி மட்டுமே உள்ளது. திருக்கோணமலையைத் தட்சிண கயிலாயம் என்று வழங்கும் ஈழத்துச் சைவர்க்கு, கயிலை தெற்கே வரும் என்னும் கருத்து அயலானதன்று.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. திபெத்திலே 6,638 மீற்றர் உயர்ந்து நிற்கும் கயிலை மலைக்கு இன்றும் அடியார் செல்கின்றனர். உச்சியில் ஏறுவாரில்லை, ஏறத்தாழ 52 கிலோமீற்றர் வழியை வலம் வருதலே மரபு. அவ்வழியிலுள்ள டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கு மேற்பட்டது. இந்தியாவிலிருந்து 1981 இல் மீளத் தொடங்கிய யாத்திரை 2020 முதல் தடைப்பட்டு 2025 இல் மீண்டும் நிகழ்ந்தது. வீதியும் வைத்தியமும் வந்தபின்னும், மூச்சு முட்டி இடைவழியில் திரும்புவோர் உளர். தாம் தோற்றுவிட்டதாக அவர்கள் எண்ணுதல் இயல்பு. எய்தினோரோ, எய்திய அளவிலேயே எல்லாம் முடிந்தது என்று எண்ணுதல் கூடும். இவ்விரு பிழையையும் ஒருங்கே திருத்துவது நாவுக்கரசர் யாத்திரை. அது, முயலாமலே ஐயாற்றில் இருந்துவிடலாம் என்று கூறவில்லை; உடல் தேயும் வரையிற் சென்றவர்க்கே ஐயாறு கயிலையாயிற்று. சென்று எய்தினால் மட்டுமே பயன் என்றும் கூறவில்லை.

இறுதியாக, மீண்ட உடல் யாது செய்தது என்பதையும் கருதுதல் வேண்டும். ஐயாற்றுக் காட்சியோடு சேக்கிழார் வரலாற்றை முடித்திருக்கலாம். காப்பியச் சுவைக்கு அது போதும். அவர் மேலுஞ் செல்கின்றார். நாவுக்கரசர் திருப்பூந்துருத்தியில் திருமடம் அமைத்துத் தங்குகின்றார். பாண்டிநாட்டினின்று மீண்ட சம்பந்தர் அவ்வூரை அணுகும்போது, அவருடைய சிவிகையைத் தாங்குவோருள் ஒருவராய் யாருமறியாது புகுந்து தம் தோளைக் கொடுக்கின்றார். கயிலைக்குச் செல்லும் வழியில் தேய்ந்து, இறைவனாற் புதுக்கப்பட்ட உடலின் தோள் அது. வேண்டாமலே கிடைத்த உடலை எதன்பொருட்டு அவர் ஏற்றார் என்பதற்கு இதனினும் தெளிவான விடை புராணத்தில் இல்லை. மலையினின்று மீண்டவர் ஊரிற் செய்யும் தொண்டிலேயே அவர் யாத்திரையின் பயனை அளக்க வேண்டும் என்பது சேக்கிழார் கருத்தெனக் கொள்ளல் பொருந்தும்.