யாருடைய ஆலோசகர்?

அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களில் ‘பணியாளர் உறவு வல்லுநர்’ என்றொரு பதவி உண்டு. ஒழுங்கு நடவடிக்கை, செயல்திறன், விடுப்பு, குறைதீர்ப்பு ஆகியவற்றில் மேற்பார்வையாளருக்கும் ஊழியருக்கும் ஆலோசனை சொல்வது அவர் வேலை என்பார்கள். இருவரும் மோதிக்கொள்ளும் நாளில் ஒரே ஆள் இருவருக்கும் எப்படித் துணை நிற்பார்?

இந்தப் பதவிக்கான தேவையைச் சட்டமே உண்டாக்கியது. 1978இன் குடிமைப்பணிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி நிரந்தர ஊழியரை நீக்க இரண்டு வழிகள் உண்டு. வேலைத்திறன் போதவில்லை என்றால் ஒரு வழி: தரம் என்ன என்று முன்கூட்டியே சொல்லி, திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். நடத்தைக் குற்றங்களுக்கு வழக்கமான வழி வேறு: பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு, பதிலளிக்கக் குறைந்தது 7 நாள், எழுத்துவடிவ முடிவு. மேற்பார்வையாளர் பொறியாளராகவோ செவிலியராகவோ பணியில் சேர்ந்து உயர்ந்தவராக இருப்பார். இந்த நுணுக்கங்கள் அவருக்குத் தெரியாது. நடைமுறையில் பெரிய பிழை நேர்ந்தால் மேல்முறையீட்டில் உத்தரவு ரத்தாகி, ஊழியர் நிலுவைச் சம்பளத்தோடு திரும்பிவிடலாம்.

வல்லுநரின் முதல் பயன், அதிகாரியின் கோபத்தைக் கேள்விகளால் தணிப்பது. ‘தினமும் தாமதமாக வருகிறார், வேலையைவிட்டு எடுத்துவிடலாம்’ என்று வருபவரிடம் அவர் கேட்பார்: இதற்குமுன் எச்சரித்தீர்களா? இதே தவறுக்கு மற்றவருக்கு என்ன தண்டனை? எத்தனை ஆண்டுச் சேவை? 1981இல் டக்ளஸ் வழக்கில், ஊழியர்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியம் இப்படி எடைபோட வேண்டிய 12 அம்சங்களை வகுத்துத் தந்தது. தாமதத்துக்குக் காரணம் நோய் என்று தெரிந்தால், 1993இன் விடுப்புச் சட்டம் தரும் 12 வார மருத்துவ விடுப்பு, உடல்நிலைக்கேற்ற பணி மாற்றம், ரகசிய உளநல ஆலோசனை என்று பேச்சே திசை மாறும். ஊழியருக்கு இவரால் கிடைக்கும் மெய்யான நன்மை இதுதான். பெரும்பாலும் அது அவருக்குத் தெரியாமலே கிடைக்கிறது.

குறைகளும் இதே அறையில்தான் பிறக்கின்றன. நடவடிக்கையை முன்மொழியும் அதிகாரி ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் இருவரின் கடிதங்களையும் ஒரே வல்லுநர் வரைந்து கொடுக்க நேர்ந்தால், இரண்டு கையெழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது ஒரே மூளை. ஊழியருக்குச் சொல்லாத புதிய முக்கியத் தகவல் முடிவெடுப்பவர் காதுக்குப் போவது அரசியலமைப்பு தரும் உரிமையை மீறக்கூடும் என்று 1999இல் ஸ்டோன் வழக்கில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எல்லையைத் தாண்டாமல் காக்கும் பொறுப்பு, தாண்டுவதற்கு அதிக வாய்ப்புள்ள அதே வல்லுநரிடமே விடப்படுகிறது.

அடுத்த குறை, ஊழியரின் நம்பிக்கை சார்ந்தது. விசாரணையால் தண்டனை வரலாம் என்று அஞ்சினால், தொழிற்சங்கம் பிரதிநிதித்துவம் செய்யும் பிரிவிலுள்ள ஊழியர் சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவரே அதைக் கேட்க வேண்டும். இந்த உரிமையை ஊழியர் பணிபுரியும் முகமை ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தாலே சட்டத்துக்குப் போதும். ஒவ்வொரு விசாரணையின் தொடக்கத்திலும் நினைவூட்டச் சட்டம் வற்புறுத்தவில்லை. எனவே வல்லுநரை நடுநிலையாளர் என்று நம்பி மனம்திறப்பவர், முகமையின் ஆலோசகரிடம் வாக்குமூலம் கொடுக்கிறார்.

மூன்றாவதாகச் சொல்லப்படும் குறை காலதாமதம். நிரந்தர ஊழியர் ஒருவரைச் செயல்திறனுக்காக நீக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு, சில வேளை அதற்கும் மேல் ஆகிறது என்று அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015இல் கூறியது. பழியை வல்லுநர்மீது மட்டும் போடுவது நியாயமில்லை. தகுதிகாண் பருவத்திலேயே தீர்க்கக்கூடியதை விட்டுவிட்டு, வருடக்கணக்கில் நல்ல மதிப்பெண் போட்டு, பொறுமை தீர்ந்த பிறகு அவரைக் கூப்பிடும் மேற்பார்வையாளர்கள் உண்டு. வெள்ளம் வந்த பிறகு அணை கட்டச் சொன்னால் அவர் காகிதத்தைத்தான் அடுக்குவார். திருத்திக்கொள்ள அவகாசம் தரும் திட்டம் திருத்துவதற்காக அல்லாமல், கோப்புகளை நிரப்புவதற்கானதாகிறது. 2021இல் சான்டோஸ் வழக்கு இதைத் தொட்டது: அத்திட்டத்துக்கு முன்பே வேலை தரமற்றிருந்தது என்பதையும் முகமை நிறுவ வேண்டும் என்றானது.

இவருடைய அதிகாரத்தின் எல்லையை 2025 பிப்ரவரி காட்டியது. தகுதிகாண் பருவத்திலிருந்த ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டனர். பலருக்கு வந்தவை, செயல்திறனைக் காரணம் காட்டும் அச்சு வாசகக் கடிதங்கள். அவர்களில் நல்ல மதிப்பீடு பெற்றவர்களும் இருந்தனர். தனித்தனி ஆளைப் பார்த்து எடைபோடுவதே இந்தத் தொழிலின் உயிர். மேலிடம் அதை வேண்டாம் என்று முடிவுசெய்தால், தடுக்க ஆலோசகருக்கு வழியில்லை.

ஆயினும் இந்தப் பதவி வேண்டும். அது இல்லாத அலுவலகத்தில் கோபமே விதியாகிவிடும். மாற வேண்டியது, ‘இருவருக்கும் துணை’ என்ற பாசாங்கு. தாம் நிர்வாகத்தின் ஆலோசகர் என்பதை அவர் முதல் சந்திப்பிலேயே ஊழியரிடம் சொல்ல வேண்டும். சங்கப் பிரதிநிதியை அழைக்கும் உரிமையையும் அப்போதே நினைவூட்ட வேண்டும். முன்மொழிவையும் முடிவையும் வரைய வெவ்வேறு ஆட்கள் வேண்டும். நேர்மையாகத் தன் பக்கத்தை அறிவித்துவிட்டு விதியைக் கறாராகக் கடைப்பிடிப்பவர், நடுநிலை வேடம் போடுபவரைவிட ஊழியருக்கு அதிகப் பாதுகாப்பு.