முத்துப்பட்டன் கதையில் முன்னுணர்த்தல்

காதலர் மாண்டொழியும் கதையின் முடிவைக் கேட்போர் முன்னரே அறிந்திருப்பின், அங்கே ஆவல்நிலைக்கு இடமுண்டோ என்னும் வினா எழுகின்றது. கோயிற் கொடைகளில் பாடப்பெறும் வில்லுப்பாட்டுக்கள் இதற்கு விடை தருகின்றன. அவற்றுள் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பகுதியிலும் வழங்குவது முத்துப்பட்டன் கதை. நா. வானமாமலை அவர்கள் பதிப்பித்த இதனை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது.

அந்தணனாகிய முத்துப்பட்டன், தோல்தொழில் செய்யும் வாலப்பகடையின் மகளிராகிய பொம்மக்காள், திம்மக்காள் இருவரையும் காதலித்து மணக்கின்றான். மணநாள் இரவிலேயே வாலப்பகடையின் காவலிலிருந்த ஆநிரை கவரப்படுகின்றது. மீட்கச் சென்றவன் பகைவரை வென்றும் வஞ்சனையால் வீழ்கின்றான், மனைவியர் தீப்பாய்கின்றனர். அவன் பட்டவராயன் என்னும் தெய்வமாகின்றான். கேட்போர் அத்தெய்வத்தை அறிந்தே வந்தமர்கின்றனர். ஆதலின் அவர் எதிர்நோக்குவது ‘யாது நிகழும்’ என்பதனை அன்று. ‘எப்பொழுது நிகழும், அவன் அதனை உணர்வானோ’ என்பதனையே.

இவ்வெதிர்நோக்கை வளர்க்கும் குறிப்புக்கள் மூன்று.

முதலாவது, பெண் கொடுக்க வாலப்பகடை விதிக்கும் கட்டளை. பட்டன் பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கின்றான். காதலின் உறுதியைக் காட்டும் இச்செயல், பழைய பிறவி முடிந்ததையும் காட்டுகின்றது. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பே காணிக்கை. அதனைக் கண்டவர் செருப்புத் தைக்கும் பகுதியைக் கேட்குங்கால், மணத்தின் தொடக்கத்திலேயே தெய்வத்தின் சன்னிதியையும் காண்கின்றனர்.

இரண்டாவது, மணவிரவில் பட்டன் காணும் தீக்கனவு. சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையோடு இதனை ஒப்பிடுதல் தகும். அங்கே கனவு கண்டவள் கண்ணகி, அதனைத் தேவந்திக்கு உரைக்கின்றாள், கோவலன் அறியான். ஒன்பதாம் காதையில் தோன்றிய அச்சம் பதினாறாம் காதையாகிய கொலைக்களக் காதை வரை நீள்கின்றது. இங்கேயோ கனவு காண்பவன் மாளவிருப்பவனே; செய்தியும் உடனே வந்துவிடுகின்றது. இளங்கோவடிகள் நெடிய வழிநடையால் வளர்த்த அச்சத்தை நாட்டுப் புலவர் ஓரிரவினுள் செறித்துவிடுகின்றார்.

மூன்றாவது, ஆநிரை கவர்தல். வெட்சியும் கரந்தையும் கற்றார்க்கு இச்செய்தியின் பொருள் விளங்கும். நிரைமீட்டு வீழ்ந்தவன் நடுகல்லாதல் பழந்தமிழ் மரபு.

இம்மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். தீக்கனவு கண்டும் பட்டன் செல்வதேன்? கட்டளையை ஏற்றபோதே அவன் வாலப்பகடையின் குடிக்கு உரியவனாகிவிட்டான். அக்குடியின் நிரை அவன் கடமையாயிற்று. மனைவியரைத் தந்த செயலே உயிரையும் கேட்கின்றது. முன்னுணர்த்தல் வெறும் நிமித்தமாக நில்லாது காரணமாகவும் மாறுவது இங்கேதான்.

மகளிர் இருவரும் அந்தணர் குடியிற் பிறந்து வாலப்பகடையால் வளர்க்கப்பெற்றவர் எனக் கூறும் வடிவமும் உண்டு. இது சாதிக்கலப்பை மறைக்கப் பிற்காலத்தார் செய்த மாற்றம் என்பது வானமாமலை அவர்களின் கருத்து. கதையமைப்பும் அதற்கே துணைநிற்கின்றது. பிறப்பால் ஒரே குலத்தவராயின் பூணூலை அறுத்தது பொருளற்ற ஈகமாகும். முதற்குறிப்பு வலியிழப்பின் ஏனைய இரண்டும் தற்செயலாய்ச் சுருங்கும். எனவே பாடவேறுபாடுகளை ஆராய்வார், சமூகச் சான்றோடு முன்னுணர்த்தலின் கட்டுக்கோப்பையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.