'தொடரும்' போட்ட பிறகு

தொடர்கதை ஆசிரியன் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை, அத்தியாயத்தை எங்கே முறிப்பது என்பதுதான். கதவு திறக்கிறது, அங்கே நிற்பவனைக் கண்டு கதாநாயகி அலறுகிறாள், 'தொடரும்' என்று போட்டுவிடுகிறோம். வாசகர் அடுத்த இதழுக்குக் காசு எடுத்து வைக்கிறார். நானும் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். இந்த வித்தையை இழிவென்று சொல்ல மாட்டேன். ஆனால் இதழ் விற்பதும் புத்தகம் விற்பதும் ஒன்றுதானா?

வாரப் பத்திரிகையில் அந்த அலறலுக்கு ஏழு நாள் ஆயுள். புத்தகத்திலோ ஒரு பக்கத்தைப் புரட்டும் நேரம்தான். வந்தவன் பால்காரன் என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் வாசகர் சிரித்து மன்னிப்பார். அடுத்த விநாடியே தெரிந்தால், தம்மை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். பைண்டு செய்த புத்தகத்தைப் போலக் கறாரான விமர்சகன் வேறில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. திகிலான இடத்தில் நிறுத்துவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் அந்த வாராந்தரக் காத்திருப்பு 1954-லேயே முடிந்துபோயிற்று. 1999-இல் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகத்தார் அதை அச்சிட்டார்கள். இன்றும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மர்மம் ஒன்றே சரக்கென்றால் இது நடக்குமா? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக்கூட அவர் ஐயமறச் சொல்லவில்லை. வந்தியத்தேவனோடு ஏரிக்கரையில் இன்னொரு முறை குதிரையில் போகலாமே என்றுதான் மறுபடி படிக்கிறார்கள்.

தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பிரசங்கியாரும் நல்ல இடம் பார்த்துத்தான் நிறுத்துவார். ஆனால் துரியோதனன் மாளப்போவது திடலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். அப்படியும் விடிய விடியக் கூட்டம் கலைவதில்லை. சபையில் அவிழ்ந்த கூந்தல் படுகளத்தில் முடியப்பட வேண்டும். அந்தக் கடன் தீருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். 'அடுத்து என்ன?' என்பதற்கு விடை தெரிந்த பிறகும், 'எப்படித் தாங்கினாள்?' என்ற கேள்வி மிஞ்சுகிறது.

அந்தத் தருமபுரிக்குப் பழம்பெயர் தகடூர். அதியமான்களின் ஊர். பெருஞ்சேரல் இரும்பொறை அதன்மீது படையெடுத்ததைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்களே எஞ்சின. முடிவு நமக்குத் தெரியும்: கோட்டை விழுந்தது. ஆயினும் அந்த நூல் அகப்பட்டால் முதல் பிரதியை வாங்க நான் முந்துவேன். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த குலத்தின் கோட்டைக்குள்ளே கடைசி நாட்கள் எப்படிக் கழிந்தன என்று அறிய ஆசை.

ஆகவே, 'தொடரும்' போடத் தயங்க வேண்டாம். அதற்கு முன் ஒன்று கேட்டுக்கொண்டால் போதும்: மர்மம் உடைந்த மறுநாளும் இந்த மனிதர்களைப் பார்க்க வாசகர் வருவாரா? வருவாரென்றால் புத்தகம் விற்கும். இல்லையேல், இதழோடு கதையும் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டத்தான் போகும்.